முயற்சியாண்மையும் இறைநம்பிக்கையும்: ஒரு சொல் விளக்கம்

யாழ்ப்பாணத்துப் பாடசாலைப் பிள்ளை 'முயற்சியாண்மை' என்று எழுதுகிற இடத்தில் மதுரைப் பிள்ளை 'தொழில்முனைவு' என்று எழுதும். 'என்டர்பிரனர்ஷிப்' என்ற ஒரே சொல்லுக்கு அக்கரையிலும் இக்கரையிலும் தனித்தனியே ஆக்கிக்கொண்ட பெயர்கள் இவை. இலங்கையின் பாடநூல்களும் அரச அலுவலகங்களும் 'முயற்சியாளர்', 'தொழில்முயற்சியாளர்' என்றே ஆள்கின்றன. தொலைக்காட்சியின் தயவில் 'தொழில்முனைவோர்' இங்கும் குடிவந்துவிட்டார். இப்போது இந்தச் சொல்லுக்கு முன்னால் புதிய அடைமொழிகளும் வந்து ஒட்டிக்கொள்கின்றன: விசுவாச, ஆன்மிக, இறை. தொழில் தொடங்குகிறவர் இறைநம்பிக்கையை வழிகாட்டியாகக் கொள்ள வேண்டும், அந்தத் தொழிலாலேயே அவர் மனிதராகவும் வளர வேண்டும் என்பது கருத்து. கருத்தில் குறையில்லை. அதற்கு நாம் வைத்திருக்கும் தமிழ்தான் இன்னும் சரியாகப் படியவில்லை.

மூலச்சொல் பிரெஞ்சு. 'ஆன்ட்ரப்ராந்த்ர்' என்றால் ஒரு வேலையைப் பொறுப்பேற்றல், கையில் எடுத்தல். பாலம் கட்டித் தருகிறேன், கோட்டை கட்டித் தருகிறேன் என்று அரசனிடம் ஒப்பந்தம் எடுத்தவர்களைக் குறிக்க வழங்கிய சொல்லைப் பொருளியலுக்குள் கொண்டுவந்தவர் ரிச்சர்ட் கான்டிலோன். அயர்லாந்தில் பிறந்து பாரிசில் வங்கி நடத்திய இவரின் நூல், இறந்து பல ஆண்டுகளின் பின், 1755இல்தான் அச்சேறியது. அவர் தந்த விளக்கம் மிக எளிது: நிச்சயமான விலைக்கு வாங்கி நிச்சயமில்லாத விலைக்கு விற்பவர் எவரோ அவரே 'ஆன்ட்ரப்ரனர்'. குத்தகைப் பணத்தை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, விளைச்சல் என்ன விலைக்குப் போகும் என்று தெரியாமல் விதைக்கும் கமக்காரர் அவருடைய முதல் உதாரணம். சம்பளக்காரர் அல்லாத எல்லாரையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டுபோன கான்டிலோன், பிச்சைக்காரரையும் கொள்ளைக்காரரையும்கூட விட்டுவைக்கவில்லை. அவர்களுக்கும் இன்றைய வருமானம் நிச்சயமில்லைதானே.

ஆங்கிலேயர் முதலில் இந்தச் சொல்லை நேராகப் பெயர்த்து 'அண்டர்டேக்கர்' என்றார்கள். 1776இல் ஆடம் சிமித் எழுதியபோதும் அதுவே வழக்கு. பிறகு அந்தச் சொல் சவப்பெட்டிக்காரரின் உடைமையாகிவிட, பிரெஞ்சுச் சொல்லையே கடன் வாங்க வேண்டியதாயிற்று. மொழிபெயர்ப்பில் தவறுவது தமிழருக்கு மட்டும் உரிய குணமல்ல என்பதற்காகச் சொன்னேன்.

இனித் தமிழுக்கு வருவோம். 'முயற்சியாண்மை' என்பது முயற்சி, ஆண்மை என்ற இரண்டின் கூட்டு. இங்கே ஆண்மை என்பது ஆண்பால் சார்ந்ததன்று. ஆள் என்ற வினையடியோடு மை விகுதி சேர்ந்து ஆண்மையானது. ஆளுதல், தன் வசத்தில் வைத்திருத்தல் என்று பொருள். வேளாண்மையும் தாளாண்மையும் இந்த வழியில் வந்தவையே. பெண்கள் சங்கக் கூட்டங்களில் 'ஆண்மை' என்ற பகுதி சிலருக்கு உறுத்துவதைக் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு இந்த வேரைக் காட்டினால் போதும். 'ஆளுமை' என்ற சொல்லும் இதே வேரில் முளைத்தது. நாம் 'ஆளுமை விருத்தி' என்று தனி வகுப்பு வைத்து, 'முயற்சியாண்மை' என்று இன்னொரு வகுப்பும் வைக்கிறோம். தொழிலால் மனிதர் வளர்கிறார் என்பதைத் தமிழ் ஒரே வேரில் ஏற்கெனவே முடிந்து வைத்திருக்கிறது.

முதலாளி என்ற பழகிய சொல்லோடும் இதை ஒப்பிடலாம். யாழ்ப்பாணத்தில் கடைக்குச் சொந்தக்காரர் எவரானாலும் முதலாளிதான், பெட்டிக்கடையில் நான்கு போத்தல் மிட்டாய் வைத்திருப்பவர் உட்பட. முதலை ஆள்பவர் முதலாளி. முயற்சியை ஆள்பவர் முயற்சியாளர். அவரிடம் முதல் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அந்த வகையில் நம் சொல் 'தொழிலதிபர்' என்பதைக் காட்டிலும் நேர்மையானது. 'தொழில்முனைவோர்' மோசமான ஆக்கம் என்று சொல்லமாட்டேன், முனைதல் என்பதில் ஒரு வேகம் உண்டு. ஆனால் அது பலர்பால் வடிவம். ஒருவரைச் சொல்ல 'முனைவர்' என்றால் தமிழ்நாட்டில் கலாநிதிப் பட்டம் பெற்றவர் திரும்பிப் பார்ப்பார்.

முயற்சியாண்மையிலும் ஒரு குறை இருக்கிறது. கான்டிலோனின் சொல்லுக்கு உயிரான நிச்சயமின்மை அதில் இல்லை. முயற்சி என்றதும் நமக்கு உழைப்பு ஞாபகம் வருகிறது. உழைத்தால் கூலி உண்டு என்ற உறுதியும் கூடவே வருகிறது. 'தெய்வத்தான் ஆகா தெனினும் முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்' என்ற குறளைச் சுவரில் எழுதாத தொழிற்பயிற்சி நிலையம் அரிது. அந்தக் குறளில் தெய்வம் என்பதற்குப் பரிமேலழகர் ஊழ் என்றே பொருள் கொள்கிறார். ஊழ் ஒரு பக்கம், முயற்சி மறுபக்கம். ஊழ் கைவிட்டாலும் உடம்பை வருத்தியதற்கான கூலி வரும். சின்ன வெங்காயம் பயிரிட்ட கமக்காரரைக் கேட்டுப் பாருங்கள். மெய்வருத்தம் எல்லாம் சரியாகச் செய்து, வெட்டி, காயவைத்து, சுன்னாகம் சந்தைக்குக் கொண்டுபோகிற அன்று விலை விழுந்திருக்கும். வள்ளுவர் சொன்ன கூலி அவருக்கு எந்த வடிவில் வந்தது என்று அவரே யோசித்துக்கொண்டிருப்பார்.

இறைநம்பிக்கை இந்த இடைவெளிக்குள்தான் வருகிறது. விலை தெரியாமல் விதைக்கிறவருக்கு ஏதோ ஒரு பிடி தேவை. புதிய ஏற்பாட்டில் எபிரெயர் நிருபம் விசுவாசத்தைக் 'காணப்படாதவைகளின் நிச்சயம்' என்கிறது. கான்டிலோனின் நிச்சயமின்மைக்கு எதிர்ப்பக்கத்தில் வைக்க இதைவிடப் பொருத்தமான தொடர் கிடைக்காது. ஆகவே இறைவழி முயற்சியாண்மை என்னும்போது 'இறைவழி' வெறும் அலங்கார அடைமொழி ஆகாது. மூலச்சொல்லில் இருந்து தமிழாக்கத்தில் விடுபட்டுப்போன பகுதிக்கு அது பதில் சொல்கிறது. அதே காரணத்தால், 'இந்தப் பிரார்த்தனையைச் செய், வியாபாரம் கட்டாயம் பெருகும்' என்று உத்தரவாதம் தருகிறவர்களை இந்தச் சொல்லுக்குள் சேர்க்க முடியாது. லாபம் நிச்சயம் என்றால் அங்கே முயற்சியாளருக்கு இடமில்லை, நம்பிக்கைக்கும் வேலையில்லை. அது சீட்டு நிறுவனத்து விளம்பரம்.

எந்த நம்பிக்கை என்று கேட்டால் சிக்கல் இன்னும் கூடும். தமிழ்ப் புரட்டஸ்தாந்தர் பரம்பரையாக வாசித்துவரும் வேதாகமத்தில் கிறிஸ்தவர் முதன்மையாகப் போற்றும் மூன்று குணங்கள் 'விசுவாசம், நம்பிக்கை, அன்பு'. கத்தோலிக்கர் கையில் இருக்கும் திருவிவிலியப் பொதுமொழிபெயர்ப்பில் அவை 'நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு'. 'நம்பிக்கைசார் தொழில்முயற்சி' என்று ஒரு துண்டுப்பிரசுரம் அடித்தால், குருநகரில் ஒரு பொருளும் வட்டுக்கோட்டையில் இன்னொரு பொருளும் எடுப்பார்கள். கடைத்தெருவில் அதற்கு மூன்றாவது பொருள் உண்டு: கடன் கொப்பியில் பெயர் எழுதிச் சாமான் கொடுப்பது. சைவருக்குச் சொல் பத்தி. ஐந்து சந்திப் பக்கத்து முஸ்லிம் வியாபாரி ஈமான் என்பார். அதைவிட அடிக்கடி 'பரக்கத்' என்பார். பரக்கத் அழகான சொல். வரவு குறைவாயிருந்தும் காசு நிறைந்து நிற்பதை அது குறிக்கிறது. தனித்தமிழில் இதற்கு ஈடு தேடிக் களைத்துவிட்டேன்.

இந்தச் சொல்லுக்கு யாழ்ப்பாணத்தில் ஓர் உருவம் காட்டச் சொன்னால் ஆறுமுக நாவலரைக் காட்டுவேன். மிஷன் பாடசாலையில் ஆசிரியராக இருந்து, பேர்சிவல் பாதிரியாரோடு வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்தவர், 1848இல் அந்தச் சம்பளத்தை விட்டு வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பாடசாலைக்குக் கட்டடத்தை விட அவசரமான தேவை புத்தகம். அமெரிக்க மிஷனுக்கு மானிப்பாயில் அச்சுக்கூடம் இருந்தது, 1841இலிருந்து 'உதயதாரகை' பத்திரிகை வந்துகொண்டிருந்தது. சைவப் பிள்ளைகளின் கையில் ஏடுதான். 1849இல் அச்சியந்திரம் வாங்கக் கடல் கடந்து சென்னைக்குப் போனார். அந்தப் பயணத்தில்தான் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு 'நாவலர்' பட்டம் கொடுத்தது. நம் பாடப்புத்தகங்கள் பட்டத்தைச் சொல்லி நிறுத்திக்கொள்ளும், இயந்திரத்தை மறந்துவிடும். வித்தியாநுபாலன யந்திரசாலை என்று அவர் வைத்த பெயரைப் பிரித்துப் பாருங்கள், கல்வியைப் பேணும் அச்சுக்கூடம். பாலபாடமும் சைவ வினாவிடையும் அச்சாகி விற்பனைக்குப் போயின. தாள், மை, எழுத்து எல்லாம் நிச்சயமான விலைக்கு வாங்கியவை. புத்தகம் போகுமா என்பது நிச்சயமில்லை. கான்டிலோன் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

இதில் நான் ரசிக்கும் பகுதி வேறு. இந்த வழியை நாவலர் யாரை எதிர்த்தாரோ அவர்களிடமிருந்தேதான் பார்த்துத் தெரிந்துகொண்டார். சமயத்துக்காகத் தொழில் செய்தது மிஷனரிமாரும்தான். அச்சு, பாடசாலை, பத்திரிகை என்ற மூன்றையும் ஒன்றாகப் பிணைத்து நடத்திக் காட்டியவர்கள் அவர்கள். 19ஆம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தின் இறைவழி முயற்சியாண்மைக்கு இரண்டு சமயங்களும் சேர்ந்தே பாத்தியதை கொண்டாடலாம்.

கடந்த நூற்றாண்டில் மில்க்வைற் கனகராசாவைச் சொல்ல வேண்டும். சவர்க்காரத் தொழில் நடத்திய அவர், 'மில்க்வைற் செய்தி' என்ற இதழை வெளியிட்டார். பனம்விதை நடுகையை ஊரூராகத் தூண்டினார். சவர்க்காரம் விற்கிறவருக்குப் பனையோடும் திருமுறையோடும் என்ன வேலை என்று அன்று எவரும் கேட்கவில்லை. 'தாளாற்றித் தந்த பொருளெல்லாம் தக்கார்க்கு வேளாண்மை செய்தற் பொருட்டு' என்ற குறளின் வேளாண்மை, கமத்தை அல்ல, உபகாரத்தைக் குறிப்பது. அந்தப் பழைய பொருளில் அவர் நல்ல வேளாளர்.

நம் கடைகளில் இறைவன் எங்கே இருக்கிறார் என்று தேட வேண்டியதில்லை. பற்றுச்சீட்டின் தலையில் பிள்ளையார் சுழி, அதன் கீழ் 'சிவமயம்' அல்லது 'முருகன் துணை'. பக்கத்துக் கடையில் 'இயேசு மரியே துணை', அடுத்த கடையில் 786. காசு மேசைக்கு மேலே படம், மாலையில் சாம்பிராணி. அதே சந்தையில் நூறு கிலோ மரக்கறி கொண்டுவருகிற கமக்காரரிடம் பத்துக் கிலோவைக் 'கழிவு' என்று சொல்லிக் கழித்துவிட்டு மிச்சத்துக்குக் காசு கொடுக்கும் வழக்கமும் இருந்துவருகிறது. கமக்காரர்கள் ஆண்டாண்டாக இதற்கு முறையிடுகிறார்கள். அந்தக் கழிவுக்குப் பெயர் வைத்தவர் எவரோ, சொல்லாக்கத்தில் வல்லவர். நீதிமொழிகள் 'கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது' என்கிறது. திருக்குர்ஆனின் 83ஆவது அத்தியாயத்தின் பெயரே அளவில் குறைப்போரைக் குறிப்பது. பட்டினப்பாலையின் வணிகர் 'கொள்வதூஉம் மிகைகொளாது கொடுப்பதூஉம் குறைகொடாது' வாழ்ந்தார்கள். இவ்வளவு சாட்சிகளும் தராசைப் பற்றியே பேசுகின்றன, படத்தையும் சாம்பிராணியையும் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஒருவர் தொழிலால் வளர்ந்தாரா என்று அளக்க எனக்குத் தெரிந்த இடமும் தராசுத் தட்டுத்தான்.

2009இல் போர் முடிந்த பின் இந்தச் சொல்லுக்கு வேறொரு கதி வந்தது. 'வாழ்வாதார உதவி' என்று பத்துக் கோழியும் கூடும் வாங்கிய பெண்கள் அறிக்கைகளில் முயற்சியாளர்களாக ஏறினார்கள். பிறகு நுண்கடன் வந்து, வாரத் தவணை வாங்குகிறவர் வாசலில் நின்றார். பிழைக்க வழியில்லாமல் கோழி வளர்க்கிறவரை முயற்சியாளர் என்று அழைத்தால் கடன் கொடுத்தவரின் மனம் ஆறுதலடையலாம். துணிந்து பொறுப்பேற்பவருக்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும். பொறுப்பை அவர் தலையில் வேறொருவர் ஏற்றிவிட்டால் அவர் கடனாளி. அங்கேயும் ஓர் 'ஆள்' இருக்கிறது, ஆனால் ஆளப்படுவது அவர்.

வழக்குக்கு என் பரிந்துரை இது. கருத்துக்கு முயற்சியாண்மை, ஆளுக்கு முயற்சியாளர். சமய அடைமொழி வேண்டிய இடத்தில் 'இறைவழி முயற்சியாண்மை' எல்லாருக்கும் பொதுவாக நிற்கும். கிறிஸ்தவ சபைக்குள் பேசும்போது 'விசுவாச முயற்சியாண்மை' என்பதில் தடையில்லை. 'ஆன்மிகத் தொழில்' என்று எழுத வேண்டாம், ருத்திராட்சமும் ஊதுபத்தியும் விற்பதாக நினைப்பார்கள். 'மத அடிப்படையிலான தொழில்' என்பது இந்த நாட்டில் குற்றச்சாட்டுப் போல ஒலிக்கும். 'கடவுளின் பெயரால் தொழில்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பொலிஸ் முறைப்பாட்டின் முதல் வரி அப்படித்தான் தொடங்கும்.