மவுசால் நெருக்கிய எழுத்து

ஏ9 வீதியில் பரந்தன், கிளிநொச்சி, மாங்குளம் என்று போய்க்கொண்டே கடைப் பெயர்ப்பலகைகளைப் பாருங்கள். ஒரே கோளாறு திரும்பத் திரும்பக் கண்ணில் படும். பலகை சிறிது, பெயர் நீளம். வடிவமைப்பவர் எழுத்தின் ஓரத்தைப் பிடித்து மவுசால் உள்ளே தள்ளிவிடுகிறார். இடம் காணும், எழுத்து கெட்டுப்போகும்.

ஆங்கிலப் பெயருக்கு இப்போது பலர் கேட்பது ஸ்லாப் செரிப், அதிலும் தடித்து ஒடுங்கிய வகை. கோடுகளின் முனையில் கனத்த கட்டை வைத்த எழுத்து. பழைய கௌபோய் படங்களில் குற்றவாளியைத் தேடும் சுவரொட்டி என்றால் உடனே விளங்கும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் அச்செழுத்து வார்ப்பகங்கள் விளம்பரத்துக்கென்றே இந்த வகையைச் செய்தன. 1845இல் வந்த கிளாரெண்டன் அதில் பேர்போனது. ஒடுங்கிய வகை வந்த காரணமும் எங்களுடையதுதான்: உயரம் குறையக் கூடாது, சொல்லும் அடங்க வேண்டும்.

ஆனால் முறையாக ஒடுக்கி வரைந்தவர் தண்டின் (நிற்கும் கோட்டின்) தடிப்பு, எழுத்துக்குள் இருக்கும் வெற்றிடம், கட்டையின் நீளம் எல்லாவற்றையும் எழுத்தெழுத்தாகத் திருத்தியிருப்பார். நீங்கள் ரொக்வெல் போல்ட் என்ற தடித்த ஸ்லாப் எழுத்துருவை எடுத்து அகலத்தை 60 வீதமாக்கினால் நிற்கும் கோடுகள் மட்டும் மெலியும். படுத்த கோடும் கட்டையும் அதே தடிப்பில் நிற்கும். யானைக்கால் வந்த எழுத்துப் போல இருக்கும்.

தமிழுக்கு நடப்பது இன்னும் மோசம். ஆங்கில வரியோடு சமமாக நிற்க வேண்டும் என்று பாமினி என்ற தமிழ் எழுத்துருவையும் அதே அளவுக்கு நெருக்குகிறார்கள். ண, ஞ, ணை எல்லாம் உள்ளே அடைபடும். தடித்த எழுத்தில் புள்ளி மேற்கோட்டோடு ஒட்டி, பிளெக்ஸில் 'ன்' 'ன' ஆகத் தெரியும். கண்ணீர் அஞ்சலிப் பதாகையில் இறந்தவரின் பெயரே பிழையாக வாசிக்கப்பட்டால் அந்த வீட்டாருக்கு என்ன சொல்வது? தமிழுக்கும் கட்டை ஒட்டித் தரச் சொல்கிறவர்கள் உண்டு. வளைந்து முடியும் எழுத்தில் அதை எங்கே ஒட்டுவது?

மணிக்கு 60 கிலோமீற்றரில் வரும் வாகனம் ஒரு செக்கனில் ஏறத்தாழ 17 மீற்றர் போய்விடும். அதற்குள் பெயர் பிடிபட வேண்டும். "தம்பி, இடம் இருக்குத்தானே, மற்ற நம்பரையும் போடுங்கோ" என்பார் முதலாளி. அங்கேதான் மறுக்க வேண்டும். ஸ்லாப் எழுத்து ஆங்கிலத்தில் ஓரிரு சொல்லுக்கும் விலைக்கழிவு இலக்கத்துக்கும் நல்லது. முகவரியைச் சாதாரண எழுத்தில் போடுங்கள். தமிழ்ப் பெயர் நீளமென்றால் இரண்டு வரியாக உடையுங்கள். ஒடுக்கியே ஆக வேண்டுமென்றால் அனேக் தமிழ், நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துருக்கள் இரண்டிலும் ஒடுங்கிய வகை முறையாக வரையப்பட்டே இருக்கிறது, இலவசம்.

அச்சுக்கு அனுப்புமுன் வடிவத்தைக் கைபேசியில் முத்திரை அளவுக்குச் சுருக்கி, கடையின் பெயர் தெரியாத ஒருவரிடம் நீட்டுங்கள். முதலாளியிடம் காட்டிப் பயனில்லை. தன் பெயரை அவர் எப்படி இருந்தாலும் வாசித்துவிடுவார்.