அரிசியில் ஆர்சனிக்: ஐரோப்பிய விதி யாரைக் காக்கிறது, எங்கே நின்றுவிடுகிறது

ஐரோப்பிய ஒன்றியத்தில் எந்தக் கடையில் அரிசி வாங்கினாலும் அந்தப் பைக்கு ஒரு சட்ட வரம்பு உண்டு. ஒரு கிலோவில் இத்தனை மில்லிகிராமுக்கு மேல் கனிம ஆர்சனிக் (ஆர்சனிக்கின் நச்சு மிகுந்த வடிவம்) இருந்தால் அதை விற்கக் கூடாது. 2016 ஜனவரி 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. 2023-இல் இன்னும் இறுக்கினார்கள். ஆனால் பையில் இதைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. பாரிஸ் லா ஷப்பெல் தமிழ்க் கடையில் பத்துக் கிலோ பையைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்புகிறவர் எங்கே போய்ப் படிப்பார்?

ஆர்சனிக் நம் வைத்தியப் பேச்சில் பாஷாணம். இங்கே கவலை ஒரே நாளில் ஆளைக் கொல்லும் அளவைப் பற்றியது அல்ல. ஆண்டுக்கணக்கில் துளித்துளியாக உடலில் சேருவதைப் பற்றியது. தோல், நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுநோய்களுக்குக் கனிம ஆர்சனிக் காரணமாகிறது என்பது உறுதியாகியிருக்கிறது. மீனில் இருப்பது பெரும்பாலும் வேறு வடிவம். அதன் நச்சுத்தன்மை மிகக் குறைவு. அரிசியின் கதை வேறு. நீர் தேங்கிய வயலில் காற்று புகாமல் போகும்போது மண்ணின் இரும்புத் துகள்கள் பிடித்துவைத்திருந்த ஆர்சனிக் கரைந்து வெளியேறுகிறது. நெல் அதைச் சிலிக்கா என்று எண்ணி வேர் வழியே உறிஞ்சிக்கொள்கிறது. யார் பயிரிட்டாலும், இயற்கை விவசாய முத்திரை இருந்தாலும், இது நடக்கும்.

இப்போது வரம்புகள். தீட்டிய பச்சரிசிக்குக் கிலோவுக்கு 0.15 மில்லிகிராம், முன்பு 0.20 ஆக இருந்தது. புழுங்கல் அரிசிக்கும் தவிடு நீக்காத அரிசிக்கும் 0.25. அரிசி மாவுக்கும் அதே 0.25, ஆகவே இடியப்ப மாவும் புட்டு மாவும் இதில் அடங்கும். ரைஸ் கேக் வகைகளுக்கு 0.30. குழந்தை உணவு தயாரிக்கப் போகும் அரிசிக்கு மட்டும் 0.10. ஒப்பிட்டுப் பாருங்கள்: குழாய்த் தண்ணீருக்கு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்தான் வரம்பு. வரம்பின் விளிம்பில் இருக்கும் புழுங்கல் அரிசி நூறு கிராமில், அதே விளிம்பில் இருக்கும் தண்ணீர் இரண்டரை லிட்டரில் உள்ள ஆர்சனிக் இருக்கும். பிரித்தானியா ஒன்றியத்தை விட்டு வெளியேறிவிட்டதால் 2023-ஆம் ஆண்டு மாற்றம் இங்கிலாந்துக் கடைகளைத் தானாகக் கட்டுப்படுத்தாது.

என்னை உறுத்துவது அந்த 0.10 தான். அது டப்பாவில் குழந்தை உணவு விற்கும் நிறுவனத்தைத்தான் கட்டுப்படுத்துகிறது. நம் வீடுகளில் ஆறு மாதப் பிள்ளைக்கு டப்பா உணவா கொடுக்கிறோம்? பெரியவர்கள் சாப்பிடும் அதே புழுங்கல் அரிசியைக் குழைய வேகவைத்து, பருப்பும் நெய்யும் விட்டுப் பிசைந்து ஊட்டுகிறோம். அந்த அரிசியில் சட்டப்படி இரண்டரை மடங்குவரை இருக்கலாம். பிள்ளையின் எடையோ பத்துக் கிலோகூட இல்லை. சோறு ஊட்டுவதை நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு வேளை சோறு என்றால், மறுவேளை கேழ்வரகு, ரவை, ஓட்ஸ், உருளைக்கிழங்கு என்று மாற்றிக் கொடுங்கள். பாலுக்குப் பதிலாக அரிசிப் பானம் கொடுப்பதை ஐந்து வயதுவரை தவிர்க்கும்படி பிரித்தானியத் தேசியச் சுகாதாரச் சேவை சொல்கிறது. ஆறு வயதுக்குக் கீழ் ரைஸ் கேக் வேண்டாம் என்கிறது சுவீடன் உணவு ஆணையம்.

சந்தேகம் வந்தால் நுகர்வோருக்கு வழி இருக்கிறது. பையில் இரண்டு விவரங்கள் இருந்தாக வேண்டும்: ஐரோப்பிய இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், பொதுவாக ‘எல்’ என்ற எழுத்தோடு தொடங்கும் தொகுதி எண்ணும். அரிசியை டப்பாவில் கொட்டியதும் பையைக் குப்பையில் போடாமல், அந்தப் பகுதியைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். உங்கள் நாட்டு உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் முறையிட இந்த இரண்டும் போதும். வரம்பு மீறியது உறுதியானால் சரக்கைத் திரும்பப் பெறுவது வியாபாரியின் சட்டக் கடமை. எச்சரிக்கை அறிவிப்புகளை ஒன்றியத்தின் ‘ராஸ்ஃப்’ (RASFF) என்ற உணவு விரைவு எச்சரிக்கை இணையதளத்தில் எவரும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம்.

அடுப்படியில் செய்யக்கூடியது இதைவிடப் பெரியது. குக்கரில் அளந்த தண்ணீர் வைத்து வற்றவிட்டால் ஆர்சனிக் முழுவதும் சோற்றிலேயே தங்கிவிடும். அரிசியைக் களைவதால் மட்டும் அதிகம் குறையாது. ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் ஒரு முறையைச் சோதித்தார்கள்: கொதிக்கும் நீரில் அரிசியை ஐந்து நிமிடம் வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் மிதமான சூட்டில் வேகவிடுவது. தீட்டிய அரிசியில் 73 சதவீதமும் தீட்டாததில் 54 சதவீதமும் கனிம ஆர்சனிக் குறைந்தது. நம் பாட்டிமார் பெரிய பானையில் நிறையத் தண்ணீர் வைத்துக் கஞ்சி வடித்ததும் இதற்கு நெருங்கிய முறைதான். உயிர்ச்சத்தும் கொஞ்சம் வடிந்து போகும் என்பது உண்மை. அதைக் கீரையிலும் பருப்பிலும் ஈடுகட்டலாம்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். சோற்றை விட்டு வெளியேறிய ஆர்சனிக் வடித்த கஞ்சியில்தான் இருக்கிறது. உப்புப் போட்டு அதைப் பச்சைப் பிள்ளைக்குப் புகட்டும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், அதைக் கைவிடுங்கள்.