புதுப் பெயிண்டை முயல்வதற்கு முன் பாட்டிலின் பின்பக்கத்தைப் படியுங்கள்

"சார், எந்தப் பெயிண்ட் நல்லது?" மினியேச்சர் உருவங்களுக்கு வண்ணம் தீட்டுவதைத் தொழிலாகச் செய்து, கற்றும் தருகிற என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். "இந்தப் பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது?" என்று கேட்பவர்கள் அபூர்வம். புதிது புதிதாக முயன்று பார்க்காதவர் இந்தக் கலையில் வளர முடியாது. பார்த்த காணொளியையே திரும்பத் திரும்பப் பிரதி எடுத்துக்கொண்டிருப்பார். ஆகவே முயலுங்கள். என் கவலை, முயல்பவர்கள் நிறத்தை மட்டும் பார்க்கிறார்கள், கரைப்பானைப் பார்ப்பதில்லை என்பதுதான். உருவம் பாழாவதும் உடம்பு கெடுவதும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

'அக்ரிலிக்' என்று எழுதிய இரண்டு பாட்டில்களை எடுத்துக்கொள்வோம். வல்லேஹோ போன்ற பிராண்டுகள் தண்ணீர் அடிப்படையிலானவை. நிறமியும் நுண்ணிய பிளாஸ்டிக் துகள்களும் தண்ணீரில் மிதக்கின்றன. தண்ணீர் ஆவியானதும் துகள்கள் நெருங்கி ஒட்டிப் படலமாகின்றன. தமியா என்ற பிராண்டின் அக்ரிலிக்கும் அக்ரிலிக்தான், ஆனால் அதில் ஆல்கஹால் வகைக் கரைப்பான் இருக்கிறது. மூடியைத் திறந்தாலே வாசனை சொல்லிவிடும். முதல் வகையில் இரண்டாம் வகையின் தின்னரை (நீர்க்க வைக்கும் திரவத்தை) ஊற்றினால் பெயிண்ட் திரிந்து கட்டி கட்டியாகிவிடும். காற்றழுத்தத்தால் பெயிண்டைச் சாரலாக அடிக்கும் ஏர்பிரஷுக்குள் அப்படி நடந்தால் அன்றைய மாலை முழுவதும் ஊசியைக் கழற்றிச் சுரண்டுவதில்தான் போகும். இரண்டுக்கும் லேபிளில் ஒரே பெயர் என்பதால் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள்.

தண்ணீரையும் அளவு தெரியாமல் சேர்க்கக் கூடாது. கிளேஸ், அதாவது அடி நிறம் தெரியும் மெல்லிய பூச்சு, அடிக்க வேண்டும் என்று பெயிண்டை வெறும் தண்ணீரால் நீர்க்க வைத்துக்கொண்டே போனால், நிறமியைப் பிடித்து வைக்கும் பசை போதாமல் போகும். காய்ந்த பிறகு ஓரங்களில் வட்டமாகக் கறை நிற்கும், விரல் பட்டால் தூளாக உதிரும். நிறத்தை மெலிதாக்க வேண்டுமானால் கிளேஸ் மீடியம் சேர்ப்பதுதான் முறை.

எனாமலும் ஆயில் பெயிண்டும் வேறு இனம். இவற்றில் ஆவியாவது ஒயிட் ஸ்பிரிட் என்ற பெட்ரோலியக் கரைப்பான் மட்டுமே. படலம் இறுகுவது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு நடக்கும் வேதிவினையால். அதனால்தான் அக்ரிலிக் சில நிமிடங்களில் காய, ஆயில் பெயிண்ட் நாள் கணக்கில் இழுக்கிறது. இந்த மெதுவே அதன் பலமும்கூட. முகத்தில் கன்னச் சிவப்பைத் தோல் நிறத்தோடு இழைக்க ஆயில் தருகிற அவகாசத்தை வேறெதுவும் தராது. டியூபிலிருந்து பிதுக்கியதை ஒரு அட்டைத் துண்டில் சிறிது நேரம் வைத்தால் அட்டை கொஞ்சம் எண்ணெயை உறிஞ்சிவிடும். பிறகு பூசினால் சீக்கிரம் காயும், பளபளப்பும் குறையும்.

எதன் மேல் எதைப் பூசலாம்? நன்றாகக் காய்ந்த அக்ரிலிக்கை ஒயிட் ஸ்பிரிட் கரைக்காது, எனவே அக்ரிலிக் மேல் ஆயில் வாஷ் (பள்ளங்களில் ஓடித் தேங்கும் நீர்த்த பூச்சு) கொடுக்கலாம். ஆல்கஹால் கரைக்கும்; பழைய பூச்சை உரிக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பயன்படுத்துவது அதனால்தான். உலராத ஆயில் மேல் அக்ரிலிக் பூசினால் பின்னால் வெடிக்கும் அல்லது உரியும். லேக்கர் ஸ்பிரேயின் கரைப்பான் வீரியமானது. அடியில் மெல்லிய அக்ரிலிக் இருந்தால் சுருங்கிப்போகும் வாய்ப்பு உண்டு. அசிட்டோன் பாலிஸ்டைரின் பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும். உலோக உருவத்தைச் சுத்தம் செய்த அதே திரவத்தில் பிளாஸ்டிக் உருவத்தைப் போட்டவருக்கு மிஞ்சுவது கூழ்.

ஆகவே எந்தப் புதுக் கலவையையும் ஆசையாக வாங்கிய உருவத்தின் மேல் முதலில் முயலாதீர்கள். பிளாஸ்டிக் ஸ்பூன் போதும் என்பார்கள். நிறம் பார்க்கப் போதும், ஒட்டும் தன்மை பார்க்கப் போதாது. உருவம் எந்தப் பொருளோ அதே பொருளில் சோதிக்க வேண்டும். பிளாஸ்டிக் கிட் என்றால் பாகங்களை வெட்டி எடுத்த பின் மிஞ்சும் ஸ்ப்ரூ சட்டமே கைவசம் இருக்கிறது. அதைச் சோப்பு நீரில் கழுவி, உருவத்துக்கு அடித்த அதே பிரைமரை (பெயிண்ட் ஒட்டுவதற்கான அடிப்பூச்சை) அடியுங்கள். மேலே அதே அடிப்படை நிறம். பாதியை டேப்பால் மூடி, மறு பாதிக்குப் பளபளப்பு வார்னிஷ் கொடுங்கள். காய்ந்ததும் டேப்பை எடுத்துவிட்டு இரண்டு பாதியிலும் ஒரே வாஷை ஓட விடுங்கள். வார்னிஷ் உள்ள பக்கத்தில் வாஷ் வழுக்கிக்கொண்டு போய்ப் பள்ளங்களில் உட்காரும். வார்னிஷ் இல்லாத, பளபளப்பற்ற மேட் பக்கத்தில் எங்கும் பரவி மொத்த நிறத்தையும் அழுக்காக்கும். துருப்பிடித்த கவசத்துக்கு இரண்டாவதுதான் வேண்டும், வெள்ளை அங்கிக்கு முதலாவது. ஒரு நாள் விட்டுக் கட்டைவிரலால் அழுத்தித் தேயுங்கள். டேப்பை ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். பெயிண்ட் டேப்போடு வந்தால் குறை பிரைமரிலோ கழுவியதிலோ இருக்கும். நிறத்தைக் குற்றம் சொல்ல வேண்டாம்.

மேட் வார்னிஷை மட்டும் ஒவ்வொரு முறையும் சோதித்துவிடுங்கள், பழகிய பாட்டிலாக இருந்தாலும் சரி. அதில் பளபளப்பைக் குறைக்கப் பெரும்பாலும் நுண்ணிய சிலிக்கா கலந்திருக்கும். நன்றாகக் குலுக்காவிட்டாலோ, கனமாக அடித்தாலோ, ஈரப்பதமான காற்றில் அடித்தாலோ உருவம் முழுக்க வெண்பனி படர்ந்த மாதிரி ஆகிவிடும். மேலே ஒரு பளபளப்புப் பூச்சு கொடுத்தால் பல நேரம் அந்த வெளுப்பு மறையும். பல நேரம்தான், எப்போதும் அல்ல.

இதுவரை சொன்னது உருவத்துக்கு வரும் சேதம். இனி நமக்கு.

நுனியைக் கூராக்கப் பிரஷை உதட்டில் வைத்து இழுக்கும் பழக்கம் இந்தத் துறையில் பரவலாக உண்டு. திறமைசாலிகள் பலரும் கேமரா முன்பே செய்கிறார்கள், பார்ப்பவர்களும் அப்படியே பிடித்துக்கொள்கிறார்கள். இந்தப் பழக்கத்துக்கு ஒரு கொடிய வரலாறு இருக்கிறது. 1917 முதல் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்து ஆரஞ்சு நகரில், கடிகார முகப்புகளில் ஒளிரும் ரேடியம் பெயிண்டால் எண்கள் எழுதிய இளம்பெண்களுக்குப் பிரஷை உதட்டில் கூராக்கத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஆபத்தில்லை என்றும் சொன்னார்கள். தாடை எலும்பு அரித்துப் பலர் இறந்தார்கள். 5 பெண்கள் தொடுத்த வழக்கு 1928-ல் சமரசத்தில் முடிந்தது. நம் பாட்டிலில் ரேடியம் இல்லை, அதோடு இதை ஒப்பிட்டுப் பயமுறுத்துவதும் சரியல்ல. ஆனால் உதடு வழியாகப் போகிற வழி அதேதான். நுனியை உள்ளங்கையில் வைத்த ஈரமான காகிதத்தில் சாய்த்துச் சுழற்றினாலே கூராகிவிடும். நான் வகுப்பில் இதைத்தான் முதலில் பழக்குகிறேன். சில நாள் கை தடுமாறும், பிறகு இயல்பாகிவிடும்.

"தண்ணியில கரையுற பெயிண்ட்தானே சார், இதுல என்ன இருக்கப் போகுது?" என்பார்கள். தண்ணீர் என்பது கரைப்பானைப் பற்றிய தகவல் மட்டுமே. நிறமி எது என்பதை அது சொல்லாது. நல்ல ஓவியப் பெயிண்ட்களில் நிறமிக் குறியீடு அச்சிட்டிருக்கும். பி.டபிள்யூ. 6 என்றால் டைட்டானியம் வெள்ளை, பி.பி. 29 என்றால் அல்ட்ராமரின் நீலம். பி.ஒய். 35, பி.ஆர். 108, பி.ஓ. 20 ஆகியவை காட்மியம் மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு. காட்மியத்தையும் அதன் சேர்மங்களையும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று முதல் பிரிவில் வைத்திருக்கிறது. பிரஷால் கவனமாகப் பூசும்போது இதன் அபாயம் குறைவு. தூளாகவோ சாரலாகவோ மூச்சில் போவதுதான் பெரிய அபாயம். ஆகவே காட்மியம் நிறங்களை ஏர்பிரஷில் ஊற்றவே ஊற்றாதீர்கள், காய்ந்த பூச்சை உலர்வாகத் தேய்க்கவும் செய்யாதீர்கள். பெயருக்குப் பின்னால் 'ஹியூ' என்றிருந்தால் பொதுவாக அது மாற்று நிறமி.

லேபிளில் 'ஏ.எஸ்.டி.எம். டி-4236-க்கு உட்பட்டது' என்ற வரியைப் பார்த்ததும் பலர் நிம்மதி அடைகிறார்கள். அந்த வரிக்கு நச்சற்றது என்று பொருளில்லை. நாள்பட்ட தீங்கு இருக்கிறதா என்று பரிசீலித்து, இருந்தால் லேபிளில் எச்சரிக்கை எழுதியிருக்கிறார்கள் என்பதே அதன் பொருள். அமெரிக்காவில் 1988-ல் வந்த சட்டம் இதைக் கட்டாயமாக்கியது. எனவே அந்த வரியோடு நிறுத்தாமல், பக்கத்தில் எச்சரிக்கை ஏதும் இருக்கிறதா என்று தேடுங்கள். 'நச்சற்றது' என்று தெளிவாகவே அச்சிட்ட பெயிண்டாக இருந்தாலும், அந்த மதிப்பீடு பிரஷால் பூசுவது போன்ற வழக்கமான பயன்பாட்டை வைத்துச் செய்யப்பட்டது. அதையே பனிச்சாரலாக மாற்றி முகத்துக்கு எதிரே அடிப்பது வேறு கணக்கு.

ஏர்பிரஷின் வேலையே பெயிண்டைச் சாரலாக உடைப்பதுதான். 0.2 முதல் 0.5 மில்லிமீட்டர் நாசில், 15 முதல் 25 பி.எஸ்.ஐ. வரை அழுத்தம். வெளிவரும் துளிகளில் நுரையீரலின் ஆழம்வரை போகக்கூடியவை உண்டு. உருவத்தில் ஒட்டாமல் தெறிக்கும் சாரல் அறைக்குள்ளேயே மிதந்துகொண்டிருக்கும். என்-95 மாஸ்க் துளிகளைத் தடுக்கும், கரைப்பான் ஆவியைத் தடுக்காது. லேக்கரோ எனாமலோ அடிப்பவருக்கு ஆவியையும் துகளையும் சேர்த்துத் தடுக்கும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வேண்டும். ஏ2-பி3 (A2-P3) என்ற குறியீடு உள்ளது பொருந்தும். தாடி இருந்தால் ரப்பர் விளிம்பு முகத்தில் சரியாகப் பதியாது. மாஸ்க்கைச் சுவரில் மாட்டி வைப்பவர்களும் உண்டு. உள்ளே இருக்கும் கரி அறைக்காற்றிலிருந்து உறிஞ்சிக்கொண்டே இருக்கும், தேவைப்படும் நாளில் தீர்ந்துபோயிருக்கும். காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

சாரலை உறிஞ்சி வெளியேற்றும் ஸ்பிரே பூத் வாங்கினால் அதன் குழாய் கண்டிப்பாகக் கட்டடத்துக்கு வெளியே போக வேண்டும். வடிகட்டிப் பஞ்சு நிறமியைத்தான் பிடிக்கும். ஆவி அறைக்கே திரும்பிவிடும். லேக்கர் ஆவி தீப்பற்றும் என்பதால் அருகில் சுடர், சிகரெட் எதுவும் கூடாது. இன்னொன்று, இதை அதிகம் பேர் கவனிப்பதில்லை: வண்ணம் அடிக்கும்போது மாஸ்க் போட்டுவிட்டு, முடிந்ததும் கழற்றி வைத்துவிட்டு, கிளீனரை ஏர்பிரஷில் ஊற்றி டிஷ்யூவில் பீய்ச்சுவார்கள். அந்தக் கிளீனர்தான் அன்றைக்குத் தொட்டதிலேயே வீரியமான கரைப்பானாக இருக்கும். கழுவி முடித்து, அறை காற்றாடும்வரை மாஸ்க் முகத்திலேயே இருக்கட்டும்.

மேசையில் இருக்கும் மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 3டி பிரின்ட் எடுத்த ரெசின் உருவம் முழுமையாக இறுகாவிட்டால் தோலில் ஒவ்வாமை உண்டாக்கும். நைட்ரைல் கையுறை வேண்டும், தேய்ப்பதை ஈரத்தோடு செய்ய வேண்டும். பழைய உலோக உருவங்களில் ஈயம் இருக்கலாம், அரம் போட்ட கையோடு சாப்பிட உட்காராதீர்கள். லின்சீட் எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டால், இறுகும் வினையின் வெப்பம் உள்ளேயே தேங்கித் தானாகத் தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் காய வைத்தோ தண்ணீரில் நனைத்தோ அப்புறப்படுத்துங்கள். சூப்பர் குளூ பருத்தியில் பட்டாலும் புகையும் அளவுக்குச் சூடாகும், சிந்தியதைப் பஞ்சால் ஒற்றாதீர்கள்.

கையில் அரிப்பும் தடிப்பும் வந்தால் பெரும்பாலும் சோப்பின் மேல்தான் பழி விழுகிறது. தண்ணீர்ப் பெயிண்ட் கெடாமலிருக்கச் சேர்க்கும் ஐசோதயசோலினோன் வகைப் பொருள்கள் சிலருக்குத் தோல் ஒவ்வாமையை உண்டாக்கும். வந்துவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவே போதும், திரும்பத் திரும்ப வரும். தோல் மருத்துவரிடம் போகும்போது பாட்டிலின் படத்தையும் அதன் பாதுகாப்புத் தரவுத் தாளையும் கொண்டுபோங்கள். அந்தத் தாளைப் பெரும்பாலான நிறுவனங்கள் தங்கள் இணையதளத்திலேயே வைத்திருக்கின்றன. மொத்தம் 16 பகுதிகள் இருக்கும். எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை. என்ன அபாயம் என்பது 2-ஆம் பகுதியில், என்ன கலந்திருக்கிறது என்பது 3-ல், எந்தக் கையுறை எந்த மாஸ்க் என்பது 8-ல். புதுப் பெயிண்ட் வாங்கிய அன்றே இந்த மூன்றையும் படித்து, தேவையான கையுறையோ கார்ட்ரிட்ஜோ கைக்கு வந்த பிறகு மூடியைத் திறங்கள்.