பட்டன் தேயாத டயர் ஏன் வெடிக்கிறது?

2023 ஜூலையில் ஒரு சனிக்கிழமை மதியம், கொலம்பஸில் இருக்கும் நண்பரிடமிருந்து போன் வந்தது. கென்டக்கியில் ஐ-75 நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்கிறார்கள். ஸ்மோக்கி மலைக்குக் குடும்பத்தோடு கிளம்பிய பயணம். பின்னால் இழுத்து வந்த டிராவல் டிரெய்லரில் (அடுப்பு, ஃபிரிட்ஜோடு வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போகும் சக்கர வீடு) வலப்பக்க டயர் ஒன்று பிய்ந்துவிட்டது. “டயர் புதுசு மாதிரிதாங்க இருந்துச்சு. பட்டன் அப்படியே இருந்துச்சு, பார்த்துட்டுத்தான் கிளம்பினேன்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பட்டன் என்று அவர் சொன்னது, டயர் சாலையில் படும் பரப்பில் இருக்கும் ரப்பர் கட்டைகளை. குரல் நடுங்கியது. வண்டியில் அவர் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள்.

யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் பிய்ந்த ரப்பர் பட்டை சக்கரத்தோடு சேர்ந்து சுழன்று அடித்ததில் மட்கார்டு நொறுங்கி, டிரெய்லரின் அடித்தகடு கிழிந்து, பிரேக்குக்குப் போகும் ஒயர் அறுந்துவிட்டது. அங்கிருந்து ஒரு சாண் தள்ளி, அடுப்புக்குப் போகும் கேஸ் குழாய் ஓடுகிறது. அவர் அனுப்பிய படத்தில் நான் முதலில் பார்த்தது அந்த ஒரு சாண் இடைவெளியைத்தான்.

குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் ரப்பர் தொழில்நுட்பம் படித்துவிட்டு ஒஹாயோவின் ஆக்ரன் நகரத்துக்கு வந்தவன் நான். குட்இயரும் ஃபயர்ஸ்டோனும் பிறந்த ஊர் இது. பழுதாகிப் போன டயர்களை அறுத்துப் பார்த்து, ஏன் பழுதானது என்று சொல்வதுதான் என் வேலை. மேசைக்கு வரும் டிரெய்லர் டயர்களில் பெரும்பாலானவை பட்டன் தேயாதவை. சிலவற்றில், வார்ப்பு அச்சிலிருந்து எடுக்கும்போது ஒட்டிக்கொண்டு வரும் முடி போன்ற ரப்பர் இழைகள்கூட அப்படியே இருக்கும். கார் டயரைப் பார்த்துப் பழகிய கண் இங்கே நம்மை ஏமாற்றிவிடும். கார் டயர் பொதுவாக ஓடித் தேய்கிறது. டிரெய்லர் டயரோ தேய்வதற்கு முன்பே, நின்ற இடத்திலேயே வயதாகிச் சாகிறது.

ஊரில் ரேஷன் கார்டைச் சுற்றிப் போட்டு பீரோவில் வைத்த ரப்பர் பேண்டை நினைத்துப் பாருங்கள். யாரும் அதை இழுக்கவில்லை, பயன்படுத்தவும் இல்லை. நாலு வருஷம் கழித்து எடுத்தால் பட்டென்று ஒடிகிறது. காற்றில் இருக்கும் ஆக்சிஜன் ரப்பருக்குள் புகுந்து அதன் இழுவைத் தன்மையைத் தின்றுவிடுகிறது. சூடு கூடினால் இது இன்னும் வேகமாக நடக்கும். டயருக்குள் அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் காற்றும் இதே வேலையை உள்ளிருந்து செய்கிறது.

ஓசோன் கதை வேறு. இழுபட்டு நிற்கும் ரப்பரின் மேற்பரப்பை அது வெட்டுகிறது. பக்கச்சுவரில் தெரியும் மெல்லிய வெடிப்புகள் பெரும்பாலும் அதன் வேலைதான். இதைத் தடுக்க ரப்பரிலேயே மெழுகும் ஓசோன் எதிர்ப்பு வேதிப்பொருளும் கலந்திருப்பார்கள். டயர் ஓடும்போது நெளிகிறது, அந்த நெளிவில் இந்தப் பொருள்கள் மேலே வந்து படிந்து காக்கின்றன. தினமும் ஓடும் காருக்கு இந்தக் காப்பு தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். வருஷத்தில் பத்து மாதம் வீட்டு வாசலில் நிற்கும் டிரெய்லருக்கு அந்த நெளிவு கிடைப்பதில்லை. ஓடாத வண்டிக்குத் தேய்மானம் ஏது என்று நாம் நினைக்கிறோம். ரப்பர் விஷயத்தில் அது நேர்மாறு.

சரி, நண்பருடைய டயருக்கு வருகிறேன். கிழிந்த துண்டுகளைப் பொறுக்கி எடுத்து வரச் சொல்லியிருந்தேன். முதலில் தேடியது டிஓடி என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி நான்கு எண்கள். 2314 என்று இருந்தது. 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது என்று அர்த்தம். ஒன்பது வயது. டிரெய்லரை அவர் பழையதாக வாங்கி ஓர் ஆண்டுதான் ஆகியிருந்தது. விற்றவர் “டயர் நல்லா இருக்கு” என்று சொன்னதும் பொய்யில்லை, அவரும் பட்டனைத்தான் பார்த்திருப்பார். இந்த முழு வரிசை டயரின் ஒரு பக்கத்தில்தான் கட்டாயம் இருக்கும். பல டிரெய்லர்களில் அந்தப் பக்கம் உள்நோக்கி மாட்டப்பட்டிருக்கும். டார்ச்சோடு கீழே படுத்துப் பார்க்க வேண்டும். சிரமம்தான், பாருங்கள்.

எத்தனை வருஷம் தாங்கும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். மிஷலின் நிறுவனம் தன் டயர்களை 5 ஆண்டுக்குப் பிறகு ஆண்டுக்கு ஒருமுறையாவது டயர் வேலை தெரிந்தவரிடம் காட்டச் சொல்கிறது, செய்த நாளிலிருந்து 10 ஆண்டு ஆகிவிட்டால் நன்றாகத் தெரிந்தாலும் மாற்றச் சொல்கிறது. பெரிய மோட்டார்ஹோம்களில் இருக்கும் லாரி வகை டயருக்கு அந்தக் கணக்கு சரி. எஸ்டி என்று அளவுக்கு முன்னால் எழுதியிருக்கும் டிரெய்லர் டயருக்கு நான் அவ்வளவு தாராளம் காட்ட மாட்டேன். 5 ஆண்டு ஆனதும் மாற்றப் பணம் ஒதுக்கி வையுங்கள், 6-ஐத் தாண்ட விடாதீர்கள். என் வீட்டு வண்டிக்கு நான் வைத்திருக்கும் அளவும் அதுதான்.

ஆனால் வயது மட்டும் அந்த டயரைக் கொன்றுவிடவில்லை. டயருக்குள் பட்டனுக்கு அடியில் இரண்டு எஃகுக் கம்பிப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். அவற்றின் ஓரங்களில்தான் இழுவையும் சூடும் அதிகம். நண்பர் கொண்டுவந்த துண்டில் அந்த ஓரத்தை விளக்கடியில் திருப்பினேன். புதிதாகக் கிழிந்த ரப்பர் சொரசொரப்பாக, மங்கலாக இருக்கும். இதில் இரண்டு விரல் அகலத்துக்கு வழவழவென்று மெருகேறி மின்னியது. இரண்டு பரப்பும் பிரிந்த பிறகு ஒன்றோடொன்று உரசி உரசி வந்த மினுக்கம் அது. அதாவது, ஐ-75-இல் ‘திடீரென’ வெடித்த டயர் அதற்கு முன் வெகுதூரம் உள்ளுக்குள் பிரிந்துகொண்டே ஓடியிருக்கிறது. வெளியே ஒன்றும் தெரிந்திருக்காது. பட்டன் மேல் உள்ளங்கையை அழுத்தி ஒரு சுற்றுத் தடவியிருந்தால் ஒருவேளை லேசான புடைப்பு கைக்குத் தட்டுப்பட்டிருக்கும்.

“காற்று எவ்வளவு வைத்தீர்கள்?” என்று கேட்டேன். “50. வெயில் காலம், சூட்டில் எப்படியும் ஏறும்னு கொஞ்சம் குறைச்சே வெச்சேன்.” இது நம் ஊர்ப் பழக்கம், பங்க்கில் காற்றுப் பிடிக்கும் அண்ணன்மார் வாயாலேயே கேட்டு வளர்ந்திருக்கிறோம். தயவுசெய்து இதை விட்டுவிடுங்கள். காற்று குறைந்தால் பக்கச்சுவர் அதிகம் நெளியும், நெளிந்தால் சூடு ஏறும், அந்தச் சூடுதான் ஓரங்களைப் பிரிக்கிறது. ஓடும்போது அழுத்தம் ஏறும் என்பது டயரைச் செய்தவருக்கும் தெரியும், அதையும் கணக்கில் வைத்துத்தான் குளிர்ந்த நிலை அளவைக் குறித்திருக்கிறார்.

அவருடைய டயர் எஸ்டி 225/75ஆர்15, லோடு ரேஞ்ச் (சுமை தாங்கும் தரம்) டி. 65 பிஎஸ்ஐ வைத்தால் ஒரு டயர் 2540 பவுண்டு தாங்கும். 50 வைத்தால் 2150 பவுண்டுதான். டயர் அதேதான், சுமக்கிற வலு மட்டும் 390 பவுண்டு குறைந்துவிட்டது. பிற்பாடு வண்டியை முழுச் சாமானோடு நிறுத்தி வலம், இடம் தனித்தனியாக எடை போட்டோம். நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து 7,900 பவுண்டு. சமமாகப் பிரிந்தால் ஆளுக்கு 1,975, பிழைத்துப்போகலாம். ஆனால் வலப்பக்கம் மட்டும் 4,400 இருந்தது. சமையல் மேடை, ஃபிரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி மூன்றும் அந்தப் பக்கம்தான். போதாததற்கு ஒரு மூட்டை பொன்னி அரிசியும் கிரைண்டரும் அங்கேயே. ஒரு டயருக்கு 2,200. வைத்த காற்றுக்குத் தாங்க வேண்டியதைவிட 50 பவுண்டு அதிகமாகச் சுமந்துகொண்டு, ஜூலை வெயிலில், ஒன்பது வயதில் ஓடியிருக்கிறது.

லாரி நிறுத்தங்களில் இருக்கும் ‘கேட்’ (CAT) நிறுவன எடைமேடையில் சில நிமிடத்தில் அச்சுவாரியாக எடை தெரிந்துவிடும். இடவலம் பிரித்துத் தெரிய, ஒவ்வொரு சக்கரத்தையும் தனியாக எடை போடும் இடத்துக்குப் போக வேண்டும். வாழ்நாளில் ஒருமுறையாவது போங்கள்.

காற்றைக் காலையில், வெயில் டயர் மேல் படும் முன், வண்டி நகர்வதற்கு முன் பார்க்க வேண்டும். டிரெய்லர் டயருக்குப் பக்கச்சுவரில் குறித்திருக்கும் உச்ச அளவையே வைப்பது என் வழக்கம், பல எஸ்டி டயர் நிறுவனங்களும் அதைத்தான் சொல்கின்றன. ரிம்மும் அந்த அழுத்தம் தாங்கும்தானா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். 10 டிகிரி ஃபாரன்ஹீட் மாறினால் அழுத்தம் ஏறக்குறைய 2 சதவீதம் மாறும். அதனால் ஒஹாயோவில் கோடையில் பிடித்த காற்று அக்டோபர்க் குளிரில் போதாது. வழியில் நிறுத்தும்போது 75 காட்டுகிறதே என்று திறந்துவிடாதீர்கள், அது சூட்டில் ஏறியது.

2008 மாடலிலிருந்து கார்களுக்கு அமெரிக்கச் சட்டம் டயர் அழுத்தக் கண்காணிப்பைக் கட்டாயமாக்கியது. டிரெய்லருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கனமான பிக்கப் ஓட்டுபவருக்கு, பின்னால் ஒரு டயர் காற்றிறங்கினால் ஸ்டியரிங்கில்கூடத் தெரியாது. வால்வில் திருகி வைக்கும் சென்சார் செட் வாங்குங்கள். அதற்கு முன் ரப்பர் வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு போடச் சொல்லுங்கள். சென்சாரின் கனத்தில் ரப்பர் வால்வு ஆடி ஆடி அடியில் வெடிக்கும்.

வேகம் பற்றி ஒன்று. வேகக் குறியீடு இல்லாத எஸ்டி டயர் மணிக்கு 65 மைலுக்கு என்றே செய்யப்பட்டது. புதியவற்றில் எல் என்றால் 75, எம் என்றால் 81. கலிபோர்னியாவில் எதை இழுத்தாலும் 55-க்கு மேல் போகக்கூடாது என்பது சட்டம். எல் குறியீடு இருந்தாலும் நான் 65-க்கு மேல் மிதிப்பதில்லை.

இரட்டை அச்சு டிரெய்லரை கேம்ப் மைதானத்தில் யாராவது ஒடித்துத் திருப்பும்போது கொஞ்சம் தள்ளி நின்று சக்கரங்களைப் பாருங்கள். முன் சக்கரம் ஒரு பக்கமும் பின் சக்கரம் எதிர்ப்பக்கமும் இழுபட்டு, பிசைந்த மாவு போல பக்கச்சுவர் சரிந்து நிற்கும். கம்பிப் பட்டைகளின் ஓரம் அந்த நேரத்தில் படும் பாடு சாலையில் நேராக ஓடும்போது படாது. இடமிருந்தால் அகலமாகத் திரும்புங்கள். ஒடித்துத் திருப்பியே ஆக வேண்டுமென்றால், நிறுத்தும் முன் சில அடி நேராக இழுத்து அந்த முறுக்கை அவிழ்த்துவிடுங்கள்.

நிறுத்தி வைக்கும் காலத்துக்கு வருவோம். சக்கரங்களுக்கு வெளிர்நிற உறை போடுங்கள், வெயிலும் சூடும் இரண்டும் குறையும். சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். பளபளப்புக்காக விற்கும் பெட்ரோலியக் கரைப்பான் கலந்த பாலிஷ் அந்த மெழுகுக் காப்பையே துடைத்தெடுத்துவிடும், கறுப்பாக மின்னும் டயரைக் கண்டால் எனக்கு வருத்தம்தான் வருகிறது. தரையில் பலகை வைத்து ஏற்றி நிறுத்துபவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: பலகை டயர் தரையில் படும் பரப்பைவிட நான்கு பக்கமும் பெரிதாக இருக்கட்டும். பாதி டயர் பலகையிலும் மீதி அந்தரத்திலுமாக நின்றால் மொத்த எடையும் அந்த விளிம்பில் உட்கார்ந்துவிடும். நிறுத்தும்போது காற்று முழு அளவு இருக்கட்டும், சாமானையும் தண்ணீரையும் இறக்கிவிடுங்கள். பக்கத்தில் வெல்டிங் செய்யும் இடமோ ஓயாமல் ஓடும் மின் மோட்டாரோ இருந்தால் வேறு இடம் பாருங்கள், இரண்டும் ஓசோன் உண்டாக்கும்.

டயர் மாற்றினால், சக்கர நட்டுகளை 10, 25, 50 மைலில் மறுபடி டார்க் குறடு (முறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) போட்டு முறுக்கிப் பார்க்க வேண்டும். டிரெய்லர் சக்கர அச்சு செய்யும் டெக்ஸ்டர் நிறுவனத்தின் கையேட்டிலேயே இது இருக்கிறது. இதைச் செய்யாமல் சக்கரமே கழன்று ஓடிய வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

அன்றைக்கு நண்பர் ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு 45 மைல் வேகத்தில் அடுத்த வெளிவழி வரை போனார். அதன் எண்ணையும் பிறகு பார்த்தோம். அதுவும் 2314. பின்பம்பரில் உறையில்லாமல் ஒன்பது கோடை வெயிலைத் தின்ற டயர், ஒரு மைல்கூட அதுவரை ஓடியதில்லை. ஐந்தையும் சேர்த்து மாற்றினார். அரிசி மூட்டை பிக்கப்புக்கு இடம் மாறியது.

இப்போது ஒவ்வொரு பயணத்தன்றும் காலை ஆறு மணிக்கு அவரிடமிருந்து செய்தி வந்துவிடுகிறது. மூத்த பெண்தான் கேஜ் பிடித்துப் பார்த்துச் சொல்கிறாளாம். போன வாரம் வந்தது: “65, 65, 63, 65. ஸ்டெப்னி 65. அந்த 63-க்குக் காத்துப் பிடிச்சிட்டுக் கிளம்பறோம்.”