மாற்றம் அல்ல, அயல்மரபணு

2025 மே மாதம் மத்திய அரசு இரண்டு புதிய நெல் ரகங்களை அறிவித்தது. அவற்றில் ஒன்றான கமலா, சம்பா மசூரியிலிருந்து வந்தது, கடைக்காரர்கள் பி.பி.டி. என்று விற்கிறார்களே, அதே அரிசி. கதிரில் மணிகளின் எண்ணிக்கையோடு தொடர்புடைய ஒரு மரபணுவை அதிலேயே திருத்தியிருக்கிறார்கள். அயலிலிருந்து எந்த மரபணுவும் அதில் இல்லை. நம் செய்திகளில் பலவும் அதை 'மரபணு மாற்ற நெல்' ஆக்கிவிட்டன.

2002இல் இந்தியாவில் அனுமதி பெற்ற பி.டி. பருத்திக்கும் இதே பெயர்தான். அதிலோ மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணு இருக்கிறது. காய்ப்புழுவைக் கொல்லும் புரதம் செடிக்குள்ளேயே உருவாகிறது. இரண்டும் ஒன்றா?

பி.டி. பருத்தி போல வேறு உயிரினத்தின் மரபணு சேர்ந்த பயிருக்கு ஆங்கிலத்தில் 'டிரான்ஸ்ஜெனிக்' என்று தனிச்சொல் உண்டு. டென்மார்க்கின் தாவரவியலாளர் யோஹான்சன் 1909இல் 'ஜீன்' என்றார். நாம் மரபணு என்கிறோம். 'கடந்து' என்று பொருள்படும் லத்தீன் 'டிரான்ஸ்' முன்னே சேர்ந்தது 1981இல், அதுவும் எலிகளுக்காக. பிறகு பயிர்களுக்கும் 'டிரான்ஸ்ஜெனிக்' வந்தது. வரலாறு அவ்வளவே.

'மாற்றம்' என்ற சொல், மரபணு தானே மாறியதா, யாராவது மாற்றினார்களா, வெளியிலிருந்து கொண்டுவந்தார்களா என்று எதையும் சொல்வதில்லை. தானே மாறுவதற்குப் பாடநூல்களில் 'சடுதிமாற்றம்' என்ற அருமையான சொல் இருந்தும் அதை எடுத்தாள ஆளில்லை. 'மரபணு மாற்றுப் பயிர்' இன்னும் மோசம். நெல்லுக்குப் பதில் உளுந்து போடுவதை வேளாண்துறை 'மாற்றுப் பயிர்' என்கிறது; விவசாயி எதை நினைப்பார்? 'மரபணுக் கடத்தல்' என்றும் எழுதுகிறார்கள். விமான நிலையத்தில் சுங்கத்துறை பிடித்த தங்கம்தான் நினைவுக்கு வருகிறது.

'அயல்மரபணுப் பயிர்' என்பதே என் தேர்வு. 'அயல் மகரந்தச் சேர்க்கை' இருக்கிறதே, குழம்பாதா என்பார்கள். குழம்பாது: அங்கே அயல் என்பது வேறு செடி, இங்கே வேறு உயிரினம். கமலாவுக்கு 'மரபணு திருத்திய நெல்' போதும்.

இது வெறும் சொற்சண்டை இல்லை. அயல் மரபணு இல்லாத திருத்திய பயிர்களுக்கு 2022இல் மத்திய அரசு விதிகளைத் தளர்த்தியது. பி.டி. பருத்தியைப் போலவே பாக்டீரியா மரபணு கொண்ட பி.டி. கத்தரிக்கு 2010இல் போட்ட தடை அப்படியே நிற்கிறது. சட்டமே பிரித்துவைத்ததை மொழிபெயர்ப்பாளர்கள் ஒரே சாக்கில் கட்டுகிறார்கள். ஆங்கிலத்தில் 'ஜெனிட்டிகலி மாடிஃபைட்' என்பதன் சுருக்கமான 'ஜி.எம்.' என்ற இரண்டு எழுத்தைப் பார்த்ததும் கை தானாக 'மரபணு மாற்ற' என்று தட்டிவிடுகிறது. செய்தியை முழுதாகப் படித்தார்களா என்பதே சந்தேகம்.