அத்தைக்கு மீசை முளைத்தால்: நடுநிலைப் பள்ளியில் 'நடக்காத வரலாறு'

மறுபடியும் அதே தலைப்பு. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி: 'ஆங்கிலேயர் இந்தியாவுக்கு வராமல் இருந்திருந்தால்?' பரிசு வாங்கும் கட்டுரையைப் படிக்காமலே சொல்லிவிடலாம். கோகினூர் வைரம் நம்மிடம் இருக்கும், ரயில் இருக்காது, நாம் வல்லரசு. இன்னொரு பிள்ளையின் கட்டுரையில் ரயிலும் இருக்கும். இரண்டில் எது சரி என்று எந்த நடுவராலும் சொல்ல முடியாது. அதனால் கையெழுத்தைப் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள்.

இதைப் பார்த்துவிட்டு ஆசிரியர் அறையில் ஒருவர் 'அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா' என்பார். அந்தத் தலைப்புக்கு அது பொருத்தமான தீர்ப்புதான். ஆனால் அதை வைத்து 'வரலாற்றில் இருந்திருந்தால் என்ற பேச்சுக்கே இடமில்லை' என்று முடித்துவிடுகிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தேர்வில் 'பிரெஞ்சுக்காரர்களின் தோல்விக்கான காரணங்கள்' என்று ஐந்து மதிப்பெண் கேள்வி கேட்கிறோம். 'கடற்படை பலம் இல்லாதது ஒரு காரணம்' என்று பிள்ளை எழுதினால், அதன் உள்ளே என்ன இருக்கிறது? 'அந்தப் பலம் இருந்திருந்தால் தோல்வி தவிர்ந்திருக்கும், அல்லது தள்ளிப்போயிருக்கும்' என்பதுதான். ஒவ்வொரு 'ஏனென்றால்' உள்ளேயும் ஓர் 'இல்லாதிருந்தால்' ஒளிந்திருக்கிறது. அதை வெளியே எடுத்து உரசிப் பார்ப்பதுதான் நான் சொல்லும் 'நடக்காத வரலாறு' பயிற்சி. கற்பனைக் கட்டுரை எழுதுவது தமிழ்ப் பாடவேளைக்கு உரியது, அங்கே தாராளமாக எழுதட்டும். வரலாற்று வகுப்பில் நாம் சோதிப்பது காரணத்தை.

ஆங்கிலேயரை வரலாற்றிலிருந்து மொத்தமாக நீக்கிவிட்டால் சோதிக்க எதுவும் மிஞ்சாது. 1600-இல் தொடங்கிய கம்பெனி, 1639-இல் வாங்கிய சென்னை நிலம், வங்காள வணிகம், பிரெஞ்சுக்காரரோடு போட்டி எல்லாம் ஒரே அடியில் போய்விடும். பத்துத் தூணையும் எடுத்துவிட்டு எந்தத் தூண் கூரையைத் தாங்கியது என்று கேட்பதுபோல ஆகிவிடும். ஒரு தூணைத்தான் எடுக்க வேண்டும், அதுவும் சின்னதாக.

எட்டாம் வகுப்பில், தென்னிந்தியாவில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய கர்நாடகப் போர்கள் வருகின்றன. அங்கே 1746 கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. மொரீஷியஸிலிருந்து கப்பல்களோடு வந்த பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் லபோர்தொனே செப்டம்பர் 21 அன்று சென்னையைப் பிடித்தார். 11 லட்சம் வராகன் (பொற்காசு) வாங்கிக்கொண்டு ஊரை ஆங்கிலேயரிடமே திருப்பித் தருவதாகப் பேசினார். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநராக இருந்த டூப்ளே கூடாது என்றார். இழுபறி நடக்கும்போதே அக்டோபர் 13 இரவு புயல். சென்னைக் கடலில் நின்ற கப்பல்களில் சில மூழ்கின, சிலவற்றில் பாய்மரம் முறிந்தது. லபோர்தொனே மிஞ்சியதோடு கிளம்பிப் போனார், டூப்ளே ஒப்பந்தத்தைத் தூக்கி எறிந்தார். கேள்வி ஒன்றே ஒன்று: அந்தப் புயல் வராமல் இருந்திருந்தால்?

முதல் பாடவேளையில் இந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். கெஞ்சியே கேட்கிறேன். நடந்தது எது என்று தெரியாத பிள்ளையிடம் நடக்காததைக் கேட்டால், ஒரு மாதம் கழித்துத் தேர்வுத் தாளில் இரண்டும் கலந்து வரும். முதல் 45 நிமிடமும் நடந்ததற்கே. கரும்பலகையில் 1746 முதல் 1749 வரை எட்டு தேதிகள், அதற்கு மேல் வேண்டாம். அன்று புதுச்சேரியில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் அந்த நாட்களுக்கான அரைப்பக்கத்தைச் சொல் பிரித்துத் தட்டச்சு செய்து கொடுங்கள். அப்படியே கொடுத்தால் பதின்மூன்று வயதுப் பிள்ளை மூன்றாவது வரியில் நின்றுவிடும். அவர் டூப்ளே பக்கத்து ஆள் என்பதையும் சொல்லிவிடுங்கள். லபோர்தொனே மீதான எரிச்சல் அந்தப் பக்கங்களில் எங்கிருந்து வருகிறது என்று அப்போதுதான் புரியும்.

தேதியில் ஒரு பள்ளம் இருக்கிறது. அப்போது இங்கிலாந்து பழைய நாட்காட்டியில் இருந்தது, பிரான்சுக்கு 11 நாள் பின்னால். 1752-இல்தான் மாற்றிக்கொண்டார்கள். அதனால் சென்னை வீழ்ந்தது ஒரு நூலில் செப்டம்பர் 10, இன்னொன்றில் 21. பிரெஞ்சுப் படையும் ஆர்க்காட்டு நவாபின் படையும் மோதிய அடையாறு சண்டை ஒன்றில் அக்டோபர் 24, இன்னொன்றில் நவம்பர் 4. இரண்டு நூல்களிலிருந்து தேதி எடுத்துக் கலந்தால் புயலுக்கும் சண்டைக்கும் இடையே மூன்று வாரம் இருந்தது பதினொரு நாளாகச் சுருங்கிவிடும், பிள்ளைகள் கட்டும் காரணச் சங்கிலி முழுக்கக் கோணலாகும். ஒரு நாட்காட்டியைப் பிடித்துக்கொள்ளுங்கள். மேலே நான் கொடுத்தவை புதிய முறைத் தேதிகள்.

இரண்டாவது பாடவேளையில் நோட்டை நடுவில் கோடு போட்டுப் பிரிக்கச் சொல்லுங்கள். இடப்பக்கம் 'மாறியது', வலப்பக்கம் 'மாறாதது'. இடப்பக்கத்தில் ஒரே வரி: புயல் இல்லை. வலப்பக்கம் நிரம்ப வேண்டும். ஐரோப்பாவில் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் போர் நடக்கிறது. கடலூருக்குப் பக்கத்தில் செயிண்ட் டேவிட் கோட்டை ஆங்கிலேயரிடம் இருக்கிறது. ஆர்க்காட்டு நவாப் அன்வாருதீன் சென்னையைக் கேட்கிறார். டூப்ளேவுக்கும் லபோர்தொனேவுக்கும் ஆகவில்லை. சென்னைக்கு அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல் தள்ளி நிற்கும், சரக்கும் ஆளும் மசூலா படகில் அலையைக் கடந்து வர வேண்டும். கடைசியாக, பிள்ளைகள் மறப்பதும் ஆசிரியர்கள் மறப்பதும் ஆன ஒன்று: ஐப்பசி மாதம்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். இந்தப் பயிற்சியின் லாபமே இங்கேதான் இருக்கிறது. வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் அந்தக் காலத்தில் சோழமண்டலக் கரையில் பெரிய கப்பல்கள் நிற்பதில்லை. லபோர்தொனேவின் அவசரத்துக்கு அது ஒரு முக்கியக் காரணம். அந்த ஒரு புயலை அழிக்கலாம், பருவத்தை அழிக்க முடியாது. ஆக, புயல் வராவிட்டாலும் கப்பல்கள் போயிருக்கும். உடைந்து போவதற்குப் பதில் முழுசாகப் போயிருக்கும், அவ்வளவுதான். அப்படியானால் உண்மையான கேள்வி 1747 தொடக்கத்துக்கு நகர்கிறது: ஆங்கிலக் கப்பல்கள் செயிண்ட் டேவிட் கோட்டைக்கு உதவிக்கு வந்தபோது, முழுசான ஒரு பிரெஞ்சுக் கடற்படை திரும்பி வந்து எதிரே நின்றிருக்குமா? 'புயல் பிரெஞ்சுக்காரரைத் தோற்கடித்தது' என்று நோட்டில் எழுதிய பிள்ளை இப்போது அந்த வரியைத் தானாகவே அடித்துத் திருத்தும். நீங்கள் வாய் திறக்க வேண்டியதில்லை.

அடுத்து சங்கிலி. 'புயல் இல்லை' என்பதில் தொடங்கி, 'அதனால்' என்று கோக்கும் ஒவ்வொரு விளைவும் ஒரு கண்ணி. மூன்று கண்ணிதான், 1748-ஐத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு கண்ணிக்கும் வலப்பக்கத்திலிருந்து ஓர் ஆதாரம். 'அதனால் இன்று சென்னையில் எல்லோரும் பிரெஞ்சு பேசியிருப்போம்' என்று ஒரு கை எழும்பும், எழும்பாத வகுப்பே கிடையாது. திட்ட வேண்டாம். ஆளுக்கொரு காசு கொடுங்கள், வகுப்பில் 32 பேர் என்றால் 32 பேரையும் எழுந்து நிற்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கண்ணிக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று வைத்துக்கொண்டு சுண்டச் சொல்லுங்கள். பூ விழுந்தவர் உட்காரட்டும். கணக்குப்படி 16, 8, 4. ஐந்தாவது சுண்டலில் ஒருவர். நடைமுறையில் மூன்றாவது முடிவில் இரண்டு பேரும் நிற்கலாம், ஏழு பேரும் நிற்கலாம், அதையும் சொல்லுங்கள். 1746-இலிருந்து இன்றுவரை எத்தனை கண்ணி என்று அவர்களையே எண்ணச் சொன்னால் கை தானாக இறங்கும். (கணக்கு ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. நிகழ்தகவு அவர் சொத்து.)

வினைமுற்றைக் கவனியுங்கள். தமிழ் இந்த வேலைக்கென்றே கருவி செய்து வைத்திருக்கிறது. 'இருந்திருக்கும்' என்றால் உறுதி, 'இருந்திருக்கலாம்' என்றால் வாய்ப்பு, 'இருந்திருக்கக்கூடும்' என்பதும் வாய்ப்புதான். இந்த மூன்றுக்கும் என்ன எடை என்று வகுப்பிலேயே பேசி முடிவு செய்து, சுவரில் ஒட்டிவிடுங்கள். 'திரும்பி வந்திருக்கும்' என்று பிள்ளை எழுதினால் 'லாம்' போதுமா என்று மட்டும் கேளுங்கள். 'இருந்திருக்கும்' எழுத வேண்டிய இடத்தில் 'இருக்கும்' வந்தால் பிழை இலக்கணத்தில் மட்டும் இல்லை, பிள்ளை 1747-ஐ விட்டு இன்றைக்குத் தாவிவிட்டது என்று அர்த்தம்.

கடைசிப் பத்து நிமிடம் நடந்ததற்குத் திரும்பியே ஆக வேண்டும். இதை விட்டால் செய்தது அத்தனையும் வீண். சென்னை எப்படி ஆங்கிலேயரிடம் திரும்பியது? அந்த ஐரோப்பியப் போரை முடித்த 1748 அய்-லா-சபேல் உடன்படிக்கை. வட அமெரிக்காவில் ஆங்கிலேயர் பிடித்திருந்த லூயிஸ்பர்க் கோட்டையைப் பிரான்ஸ் திரும்பப் பெற்றது, பதிலுக்குச் சென்னை கைமாறியது. புயல் வந்தாலும் வராவிட்டாலும் அந்தப் பேரம் ஐரோப்பாவில்தான் நடந்திருக்கும். ஒருவேளை செயிண்ட் டேவிட் கோட்டையும் பிரெஞ்சு கையில் இருந்திருந்தால் தராசில் ஒரு எடை கூடியிருக்கலாம். கூடியிருக்கலாம், அவ்வளவே.

மதிப்பெண் பத்து என்றால் 'மாறாதது' பட்டியலுக்கு மூன்று, கண்ணி ஒன்றுக்கு ஒன்று வீதம் மூன்று, வினைமுற்றுக்கு ஒன்று, திரும்பி வரும் பத்திக்கு மூன்று. கற்பனை வளத்துக்குச் சுழியம். பெற்றோர் சண்டைக்கு வந்தாலும் சுழியம்.

ஆறாம் வகுப்புக்கு இந்தச் சங்கிலி வேண்டாம், தாங்காது. 'லபோர்தொனேவுக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. ஒவ்வொன்றிலும் என்ன லாபம், என்ன ஆபத்து' என்ற அளவோடு நிறுத்துங்கள்.

தலைப்பு எடுக்கும்போது இன்னொன்று. ஜாலியன்வாலாபாக், பிரிவினை, இலங்கைப் போர், இவற்றைத் தொடாதீர்கள். 'அந்த மக்கள் அன்று அங்கே போகாமல் இருந்திருந்தால்' என்று ஒரு பிள்ளை வெகுளியாகத் தொடங்கும், பழி செத்தவர் மேல் போய் விழும். மறுவாழ்வு முகாமிலிருந்து வரும் பிள்ளை அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம். 'நேதாஜி முதல் பிரதமராகியிருந்தால்' வகையறாவும் வேண்டாம். பிள்ளைகள் அதற்கான பதிலை வீட்டு வாட்ஸ்அப்பிலிருந்து ஆயத்தமாகக் கொண்டுவருகிறார்கள்.

பிள்ளைகள் செய்த தாள்களைக் கண்காட்சியில் வைக்கிறீர்களா? ஒவ்வொரு தாளின் தலையிலும் சிவப்பு மையில், தலைப்பின் அளவுக்கே பெரிதாக, 'நடக்காதது' என்று எழுதச் சொல்லுங்கள். பென்சிலில் வேண்டாம், அழிந்துவிடும். கண்காட்சி முடிந்ததும் சுவரிலிருந்து எடுத்து அவரவர் நோட்டில் ஒட்டச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு அந்த அறைக்கு வேறு எட்டாம் வகுப்பு வரும், சுவரில் இருப்பதைப் பாடம் என்று படிக்கும்.