ஆஸ்ஃப்ரேடியம்: நுகர்வுறுப்பா, மோப்ப உறுப்பா?

இரைகொல்லிக் கடல்நத்தைகளைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள், நீரில் வரும் வாசனையை அறியும் உறுப்பான ஆஸ்ஃப்ரேடியத்தை (osphradium) ‘நுகர்வுறுப்பு’ ஆக்கிவிடுகிறார்கள். பொருந்தாத பெயர்.

முகர்தலைக் குறிக்கும் கிரேக்க வினையடியில் பிறந்த சொல் இது. மேன்டில் அறைக்குள், அதாவது ஓட்டுக்கு அடியில் உள்ள தோல்மடிப்புக் குழிக்குள், செவுளை ஒட்டி இருக்கும் உணர்வுறுப்பைக் குறிக்கும். இரைகொல்லி இனங்கள் பலவற்றில் இது பெரிதாகி, இருபுறமும் இதழ் இதழாக விரிந்து, செவுள் மாதிரியே தெரியும். ‘பொய்ச்செவுள்’ என்ற பழைய பெயர் அப்படி வந்ததுதான்.

நுகர்தலுக்கு முகர்தல் என்ற பொருளும் உண்டே என்பார்கள். உண்டு. ஆனால் நுகர்வோர், நுகர்பொருள் என்று புழங்கிப் புழங்கி அந்தச் சொல்லில் இன்று வாசனையே மிச்சமில்லை. ‘நத்தை நுகர்வுறுப்பால் இரையை அறிகிறது’ என்று படிப்பவர் வாயைத்தான் நினைப்பார். நத்தைக்கோ தின்பதற்கு வேறு கருவிகள் இருக்கின்றன: நீண்டு வெளிவரும் உறிஞ்சுவாய், அதற்குள் அரம்போல் பற்கள் நிறைந்த நாக்கான ராடுலா. கூம்புநத்தையில் ராடுலாவின் பல்லே நஞ்சேறிய ஈட்டி. முகர்வது எது, தின்பது எது என்று சொல்ல வந்த இடத்தில் இரண்டுக்கும் பொதுவான சொல்லை வைத்தால் எப்படி?

‘மூக்கு’ என்பது இன்னும் மோசம். ஊரும்போது முன்னால் நீண்டு இடமும் வலமும் ஆடும் குழாயைத்தான் வாசகர் மூக்கு என்று எடுத்துக்கொள்வார். அது வெறும் நீர்க்குழல். அது இழுக்கும் நீர் உள்ளே போய் ஆஸ்ஃப்ரேடியத்தின்மேல் படும்போதுதான் வாசனை தெரியும்.

மோப்பத்தில் இந்தக் குழப்பமில்லை. மோப்ப உறுப்பு, மோப்ப நரம்பு என்று தடையில்லாமல் சேரும். யாரும் அதைத் தின்பதோடு முடிச்சுப்போட மாட்டார்கள்.

பெயரைத் திருத்தினாலும் மொழிபெயர்ப்பாளர்களின் ஒரு வாக்கியம் உறுத்துகிறது: ‘மோப்பம் பிடித்து இரையைத் தேர்ந்தெடுக்கிறது.’ கண்டறிவது வேறு, தேர்வது வேறு. வாசனை வந்ததும் நத்தை நீரோட்டத்தை எதிர்த்து ஊர்கிறது; ஓட்டம் நின்றால் வாசனை இருந்தும் திசை பிடிபடுவது கடினம். நெருங்கியபின் உணர்கொம்பாலும் பாதத்தாலும் தொட்டுப் பார்க்கிறது. அதன்பிறகே இறுதித் தேர்வு. சில நத்தைகள் சிப்பியின் ஓட்டைத் துளைத்தே உள்ளிருக்கும் சதையைத் தின்னும்; துளைக்கப் பல மணிநேரம் ஆகும். ஓடு தடித்திருந்தால் உழைப்பு கூடும். சிப்பி சிறுத்திருந்தால் சதை குறையும். முன்பு தின்றதும் கணக்கில் வரும்: சிப்பிதுளைக்கும் நத்தை, பாறையில் ஒட்டி வாழும் ஓட்டுயிர்களான கொட்டலசுகளைத் தின்று பழகினால் கொட்டலசு வாசனையையே நாடிப் போகும். இதையெல்லாம் ‘உள்ளுணர்வு’ என்ற ஒரே சொல்லில் மூடிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

எழுதும்போது முதல்முறை வரும் இடத்தில் ஆஸ்ஃப்ரேடியம் என்று போட்டு, பிறகு மோப்ப உறுப்பு என்றே தொடரலாம். உணர்கொம்பாலும் பாதத்தாலும் தொட்டுச் சுவையறிவதைத் ‘தொடுசுவை’ என்று பிரித்துச் சொல்லுங்கள். அதையும் மோப்பத்தில் போட்டுக் கலக்க வேண்டாம்.